பத்மஜா ஓட்டுகிறாள்

பிப்ரவரி 9, 2025

கீழே போய்க் காரைத் துடைத்துவிட்டு வந்தேன். ஓட்டத்தான் கூடாது, துடைக்கலாமே.

போன மாதம் கிங்ஸ் சர்க்கிள் சிக்னலில் நின்றுகொண்டிருந்தபோது எனக்கு வலிப்பு வந்தது. எனக்கு ஒன்றும் நினைவில்லை, பக்கத்தில் இருந்த என் மனைவி பத்மஜா சொல்லித்தான் தெரியும். என் கால் பிரேக்கிலிருந்து நழுவி, முன்னால் நின்ற பஸ்ஸை நோக்கி வண்டி மெல்ல உருண்டதாம். அவள் ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து இழுத்து நிறுத்தினாளாம். ஓட்டவே தெரியாதவளுக்கு அது எப்படித் தோன்றியது என்று இன்றுதான் கேட்டேன்.

"இத்தனை வருஷமா பக்கத்துல உக்காந்துண்டு வேற என்னத்தப் பாத்துண்டிருந்தேன்?" என்றாள்.

ஒரு வருஷத்துக்கு ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது, அதற்குப் பிறகு பார்க்கலாம் என்கிறார் டாக்டர். ஆபீசுக்கு ஹார்பர் லைன் ரயில். மற்றதற்கெல்லாம்? தெரியவில்லை.

மார்ச் 2

பத்மஜா டிரைவிங் கிளாஸில் சேர்ந்துவிட்டாள். என்னிடம் கேட்கவில்லை. ஐம்பத்து மூன்று வயதில்.

ஏப்ரல் 20

லைசென்ஸ் வந்துவிட்டது. போட்டோவில் யாரையோ அதட்டுவது போல் இருக்கிறாள்.

ஏப்ரல் 27

செம்பூர் ஸ்டேஷன் வரை போய்த் திரும்பினோம். நான் இடது பக்கம். கிளட்ச், கிளட்ச் என்று எத்தனை முறை சொன்னேனோ. இல்லாத பிரேக்கை என் கால் மிதித்து மிதித்து, கீழே மேட் சுருண்டுபோய்விட்டது. அவள் வீட்டுக்கு வந்ததும் நேரே குளிக்கப் போனாள்.

மே 4

அவமானம். எழுதவே கை வரவில்லை.

காட்கோபர் பக்கம் ஹைவேயில் போய்க்கொண்டிருந்தோம். இடது பக்கத்தில் ஒரு டேங்கர் லாரி நெருங்குவது போல் எனக்குத் தோன்றியது. நெருங்கியதா, என் பயமா — இப்போது சொல்ல முடியவில்லை. சட்டென்று கையை நீட்டி ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பிவிட்டேன். வண்டி வலப்பக்கம் பாய்ந்தது. பின்னால் ஏகப்பட்ட ஹாரன். அவள் என் கையைத் தட்டிவிட்டு வண்டியை நேராக்கி, இண்டிகேட்டர் போட்டு, ஓரமாக நிறுத்தினாள்.

"எறங்குங்கோ."

"பத்மா..."

"ஆட்டோ பிடிச்சுண்டு வாங்கோ. நீங்க பக்கத்துல இருந்தா ரெண்டு பேரும் செத்துடுவோம்."

இறங்கினேன். அவள் போய்விட்டாள். நடுவெயிலில் ஹைவே ஓரத்தில் நின்றுகொண்டு என் வண்டி என்னை விட்டுவிட்டுப் போவதைப் பார்த்தேன். கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் கண்ணாடியைப் பார்த்து, இடம் வரும்வரை காத்திருந்து, அந்த லாரிகளுக்கு நடுவே அத்தனை சுத்தமாக நுழைந்து மறைந்தாள். இவள் எப்போது இதைக் கற்றுக்கொண்டாள்?

மே 5

காபி இருந்தது. பேச்சு இல்லை.

மே 18

காலையிலேயே பத்மஜா, தன்னோடு பேங்கில் வேலை பார்க்கும் சஃப்ரீனை ஏற்றிக்கொண்டு லோனாவ்லா மலைக்குப் போய்விட்டாள். தேவ்நாரில் இருக்கிற திருநெல்வேலிக் குடும்பத்துப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. சாயங்காலம் இருவரும் இரண்டு பெட்டி சிக்கியோடு, அந்த ஊர்க் கடலை மிட்டாயோடு, வந்தார்கள். பத்மஜா உள்ளே போனதும் சஃப்ரீன் சொன்னாள்:

"ஆன்ட்டி கூட போனா டென்ஷனே இல்ல அங்கிள். மலை ரோட்டுல ஏறுதப்போ நான் தூங்கிட்டேன்னா பாத்துக்கோங்க."

தூங்கிவிட்டாளாம். என் மனைவி மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருக்கும்போது யாரோ ஒரு பெண் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. நிஜமாகவே பொறாமை.

மே 19

ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் கேட்டுவிட்டேன். பக்கத்தில் எப்படி உட்கார வேண்டும், சொல்லிக்கொடு.

கேலி செய்வாள் என்று நினைத்தேன். தட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள்:

"பயமா இருந்தா, பயமா இருக்குன்னு சொல்லுங்கோ. எனக்கு ஓட்டத் தெரியலைன்னு சொல்லாதேங்கோ. ரெண்டும் வேற."

இரண்டும் வேறுதான். இது எனக்கு ஏன் இதுவரை தோன்றவில்லை?

ஜூன் 1

நேற்றே மழை பிடித்துக்கொண்டது. ஃப்ரீவே மேம்பாலத்தில் என் ஆபீஸ் இருக்கும் ஃபோர்ட் வரை போய் வரலாமா என்றாள். சரி என்றேன். ஏறியதும் கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

இரண்டு முறை "பயமா இருக்கு" என்றேன். முதல் முறை "சரி" என்று சொல்லி வேகத்தைக் குறைத்தாள். இரண்டாவது முறை "இருக்கட்டும், நான் பாத்துண்டுதான் இருக்கேன்" என்றாள். சொன்ன மாத்திரத்தில் பயம் பாதியாகிவிடுகிறது. என்ன விந்தை.

பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினேன். பதினோரு வருஷம் தினமும் ஆபீஸ் போய் வந்த ரோடு இது. இடது பக்கம் இப்படி ஒரு உலகம் இருப்பது எனக்குத் தெரியாது. மழைக்குள் நிற்கிற சேற்று நிலம், சதுப்புக் காடு, அதற்கப்பால் சாம்பல் நிறக் கடல், கடலா வானமா என்று தெரியாத இடத்தில் ஒரு கப்பல். அசையாமல் நின்றது. கப்பல் கம்பெனியில் வேலை பார்க்கிறவன் நான். கப்பலைக் காகிதத்தில்தான் பார்த்திருக்கிறேன். வாயைத் திறந்துகொண்டு பார்த்தேன் போலிருக்கிறது. பத்மஜா சிரித்தாள். கேட்காமலேயே கொஞ்சம் மெதுவாக ஓட்டினாள்.

ஜூன் 22

பக்கத்தில் உட்காரும் பயிற்சி. வாஷி, பன்வேல், திரும்பி வீடு. ஆரஞ்சு உரித்துச் சுளை சுளையாகக் கொடுத்தேன். திருப்பம் வருவதற்கு முன்னாலேயே சொன்னேன், வந்தபின் கத்தவில்லை. "பரவால்லையே" என்றாள். பள்ளிக்கூடத்தில் மார்க் வாங்கியபோதுகூட எனக்கு இவ்வளவு சந்தோஷம் இருந்ததில்லை.

ஜூலை 13

இன்றைய நாளை எப்படி எழுதுவது?

மால்ஷேஜ் மலைப்பாதை. கோயில் கிடையாது, கல்யாணம் கிடையாது, உறவுக்காரர் கிடையாது. "மழைல மலை எப்படி இருக்கும்னு பாக்கணும், அவ்வளவுதான்" என்றாள். விடிந்ததும் புறப்பட்டோம். கல்யாண், முர்பாட், அப்புறம் வயல்கள். அந்தப் பச்சையைப் பார்த்துக் கண் கூசியது.

ஏற ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் மேகம் ரோட்டுக்கு இறங்கிவிட்டது. முதலில் முன்னால் போன காரின் சிவப்பு விளக்கு மறைந்தது. பிறகு ரோடே இல்லை. வெள்ளை. விளக்கைப் போட்டால் வெள்ளை இன்னும் கெட்டியானது. நிறுத்தலாம் என்றால், பின்னால் வருகிறவன் வந்து இடிப்பான். பின்னாலிருந்து லாரி உறுமுவது கேட்டது, ஆனால் எவ்வளவு தூரத்தில்?

"ஏன்னா, எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

என் வாயில் நூறு வார்த்தைகள் வந்து நின்றன. இரண்டாவது கியர், ஹசார்ட் லைட், நான் சொன்னேனே, கிளம்பியிருக்கவே வேண்டாமே... எல்லாவற்றையும் விழுங்கினேன்.

"எனக்கும்" என்றேன். "நான் என்ன பண்ணணும், சொல்லு."

"உங்க பக்கம் வெள்ளைக் கோடு தெரியறதா பாருங்கோ. எனக்கு அது தெரியலை."

ஜன்னலை இறக்கித் தலையை வெளியே நீட்டினேன். மழை முகத்தில் அடித்தது. கீழே சக்கரத்துக்குப் பக்கத்தில் நனைந்த கோடு மங்கலாகத் தெரிந்தது. அதற்கப்பால் பாறையா பள்ளமா, தெரியவில்லை. கோட்டை மட்டும் பார்த்தேன். "ஒரு கை தூரம். அப்படியே. இன்னும் அப்படியே. கோடு இடது பக்கம் வளையறது. வளையறது. இப்போ நேர்." நான் சொல்லச் சொல்ல வண்டி வளைந்தது. என் கண் அவள் கைக்குள் போய்விட்டது போல் இருந்தது. அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. அவள் கோட்டைப் பார்க்கவில்லை. வண்டி போய்க்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம்? தெரியாது. மூக்கிலும் காதிலும் தண்ணீர்.

அப்புறம் கோட்டுக்கு அப்பால் ரோடு அகலமாவது தெரிந்தது. "இங்கே ஒதுங்கலாம், இடம் இருக்கு." ஒதுக்கினாள். ஹேண்ட்பிரேக் போட்டாள். அவள் ஸ்டியரிங்கிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுப்பதைப் பார்த்தேன். லாரி எங்களைத் தாண்டிப் போனது.

நான் ஏதோ சொல்ல வந்தேன். அதற்குள் காற்று அடித்து மேகம் கிழிந்தது.

எங்களுக்கு முன்னால் ஒரு தடுப்புச் சுவர், அவ்வளவுதான். சுவருக்கு அப்பால் பூமி இல்லை. அடியே தெரியாத பள்ளத்தாக்கு. எதிரே கறுத்த மலை வானம் வரை நின்றது. அதன் மேலெல்லாம் அருவி — எங்கே பார்த்தாலும், நூல் நூலாக, சில கயிறு போல. சில அருவிகள் கீழே விழவே இல்லை. காற்று அவற்றைப் பாதியிலேயே பிடித்து மேலே தூக்கி எறிந்தது. தண்ணீர் மேல்நோக்கிப் போவதை என் கண்ணால் பார்த்தேன். சத்தியமாக.

இறங்கி நின்றோம். குடை எடுக்கத் தோன்றவில்லை. பத்மஜா அழுதுகொண்டிருந்தாளா, மழையா? நான் கேட்கவில்லை. "இதுக்குள்ளயா வந்தோம்?" என்றாள், மிக மெதுவாக.

"நீ கொண்டு வந்தே" என்றேன்.

"நீங்க சொல்லிண்டே வந்தேள்."

மேகம் மறுபடி மூடியது. சுவர்கூடத் தெரியவில்லை. ஒன்றுமே அங்கே இல்லாதது போல. இருவரும் நடுங்கிக்கொண்டு நின்றோம், திறக்குமா என்று. இந்த மலை அங்கே காலம் காலமாக நின்றுகொண்டிருக்கிறது. நான் பார்க்கவில்லை என்று அதற்கு ஒரு குறையும் இல்லை. நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது, இப்போதும்.

ஜூலை 14

இருவருக்கும் ஜலதோஷம். இருவரும் லீவு.

பிப்ரவரி 15, 2026

நேற்று டாக்டர் ரிப்போர்ட்டுகளைப் பார்த்துவிட்டு, மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் இனி ஓட்டலாம் என்றார். இன்று வாஷியில் அவள் தம்பி பத்ரிநாராயணன் வீட்டில் சாப்பாடு. கீழே வந்ததும் பத்மஜா சாவியை என் கையில் வைத்தாள்.

முதலில் கிளட்ச் தடுமாறியது. மான்கூர்ட் தாண்டியதும் சரியாகிவிட்டது. உடம்புக்கு எல்லாம் நினைவிருக்கிறது. கடற்கழி மேல் போகும் வாஷிப் பாலத்தில் ஏறினேன். இரண்டு பக்கமும் பஸ்.

"பூநாரை" என்றாள் பத்மஜா. பிறகு மூச்சையே விடாதவள் போல், "கூட்டம். பெரிய கூட்டம். உங்க பக்கம் பாருங்கோன்னு சொல்ல மாட்டேன், நீங்க ரோட்டைப் பாருங்கோ. நான் சொல்றேன்."

ரோட்டைப் பார்த்தேன். அவள் சொன்னாள். சேற்றிலிருந்து எழுந்துவிட்டன. தூரத்தில் வெள்ளையாகத்தான் இருந்தன, இப்போது திரும்புகின்றன, திரும்பும்போது இறக்கைக்கு அடியில் எல்லாம் ரோஜா நிறம், ஓரத்தில் கறுப்பு. கழுத்தை நீட்டிக்கொண்டு, காலைப் பின்னால் நீட்டிக்கொண்டு. பாலத்துக்கு மேலேயே வருகின்றன. "இப்போ நம்ம தலைக்கு மேல" என்றாள். காருக்குள் ஒரு கணம் நிழல்கள் ஓடின. என் கை மேலும் ஓடின.

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது நான் போய் இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். அவள் சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டு கிளப்பினாள்.

பாலத்தில் பறவைகள் இல்லை. நீர் வடிந்த சேறும், அதன்மேல் சாயங்கால வெயிலும் மட்டும். பாலம் முடியும்வரை அதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.