பட்டியலில் இரண்டாவது பெயர்

தம்பி,

நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். போன வாரம் ஒட்டிய கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பால் அணிப் பட்டியலில் உன் பெயர் இரண்டாவதாகப் போனதற்குக் காரணம் நான்தான். பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை எதிரணி பின்னாலிருந்து சாய்த்துவிடாமல் தடுத்துக் காக்கும் இடத்துக்கு கோச் டன்லெவி உன்னைத்தான் முதலில் எழுதியிருந்தார். அணிக்கு வீடியோ எடுக்கும் நான்தான், ஆபரேஷன் ஆன உன் கால் தாமதமாக ஊன்றுவதை வீடியோவை நிறுத்தி நிறுத்தி அவருக்குக் காட்டினேன்.

"டேய், சொந்தத் தம்பிடா! உங்கம்மா இனி உனக்குச் சாப்பாடு போடுவாங்களா?"

"கால் லேட்டா வருது, கோச். அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்."

இன்னும் பேசவில்லை. உன் முழங்கால் போன அன்று அந்தச் சத்தம் நான் நின்ற கேமரா மேடை வரை கேட்டது. அதை யாரிடமும் நான் சொன்னதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்றைய பயிற்சியில் நீ செய்த நாற்பத்தொரு தடுப்புகளையும் அளந்தேன். கால் நேரத்துக்கு ஊன்றுகிறது. நம்பாமல் இன்னொரு முறை அளந்துவிட்டு, கோச்சிடம் போனேன்.

"அளந்தியா, இல்ல பாசமா?"

"ரெண்டு தடவை அளந்தேன்."

பென்சிலை எடுத்து, உன் இடத்தில் முதலாவதாக இருந்த டெக்கர் பெயருக்கும் உன் பெயருக்கும் நடுவே 'அல்லது' என்று எழுதினார். நாளை அப்படியேதான் வெளியாகும். முடிவெடுக்கத் தெரியாத கோச் என்று ஊர் ரசிகர்கள் காபிக் கடையில் திட்டுவார்கள், திட்டட்டும். இந்த வாரப் பயிற்சியில் உங்கள் இருவரில் யார் நன்றாகத் தடுக்கிறாரோ, அவரே சனிக்கிழமை முதல் ஆட்டத்தில் இறங்குவார். டெக்கரை நீ முந்திவிடுவாய். எண்கள் அப்படித்தான் சொல்கின்றன.

என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை. முழங்கால் பட்டையை மட்டும் கழற்றாதே.

உன் அண்ணன்