வரவு மூச்சு, செலவு மூச்சு

பிப்ரவரி 4, செவ்வாய்

பால் ஒன்றரை லிட்டர். சிலிண்டர் மாற்றிப் பத்தொன்பது நாள். சாருக்கு இருமல் ஐந்தாம் நாள்.

முப்பத்திரண்டு வருடம் பள்ளியில் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவர் என் வீட்டுக்காரர். அதனால் இந்த நோட்டில் அவர் எப்போதும் சார்தான். டாக்டரிடம் போகலாம் என்றேன்.

"அந்த டாக்டர் பொறக்கறதுக்கு முன்னாடியே நான் போர்டுல நுரையீரல் வரைஞ்சவன். இது வெறும் சளி."

சரி. போர்டில் இருக்கும் நுரையீரலுக்கு ஒன்றும் ஆகாது. உள்ளே இருப்பதைப் பற்றித்தான் என் கவலை.

பிப்ரவரி 6, வியாழன்

காய்ச்சல் 101.4. வலது விலாவில் குத்துகிறதாம். அலமாரியில் போன வருடத்து மாத்திரை மூன்று மிச்சம் இருந்தது. எடுத்துப் போட்டுக்கொண்டார். எந்த நோய்க்கு வாங்கியது அது என்று கேட்டேன்.

"அது மாத்திரைக்குத் தெரியும்."

அறிவியல்!

பிப்ரவரி 7, வெள்ளி

காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்திருந்த துண்டுத்தாளைத் தேடி எடுத்தேன். எப்போதோ கிளினிக்கில் கொடுத்தது. 'பெரியவர்களுக்கு மூச்சு நிமிடத்துக்கு முப்பதைத் தாண்டினால் உடனே மருத்துவமனைக்குச் செல்லவும்.' சார் பேப்பர் படிக்கும்போது கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். நாற்பத்தெட்டு! உடனே அவரிடம் சொன்னேன்.

நோட்டைப் பிடுங்கிப் பார்த்தார். எதை எழுதினாலும் எனக்கு இரண்டு பத்தி வேண்டும். உள்ளே போன மூச்சை வரவிலும் வெளியே வந்ததைச் செலவிலும் கோடு கோடாகப் போட்டு, அடியில் கூட்டியிருந்தேன். 24, 24. ஆக மொத்தம் 48.

"அடிப்பாவி! இழுக்கறதும் விடறதும் சேர்ந்துதான்டி ஒரு மூச்சு. அஞ்சாங்கிளாஸோட நின்னா இப்படித்தான்!"

சிரித்தார், இருமினார், மறுபடி சிரித்தார். மாடி வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அவருக்கு வேறு காட்டினார். அவரும் சிரித்தார். இருபத்துநாலும் கொஞ்சம் அதிகம்தானே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

பிப்ரவரி 8, சனி

எண்ணவில்லை. எனக்கென்ன வந்தது?

பிப்ரவரி 9, ஞாயிறு

எண்ணவில்லை. சார் டீ மட்டும் குடித்தார். துப்பிய சளி துரு நிறம். பேச்சே இல்லை. வீடு இவ்வளவு அமைதியாக இருந்து எத்தனை நாளாயிற்று என்று சாமி படத்துக்கு முன்னால் நின்று நன்றி சொன்னேன்.

பிப்ரவரி 10, திங்கள்

காலையில் டீ கொண்டுபோனேன். படுக்கையிலிருந்து எழுந்து நிற்கப் பார்க்கிறார்.

"வாங்க மேடம். உக்காருங்க. ஸ்கூல் ஆய்வுக்கு வந்தீங்களா?"

கிண்டல் என்று நினைத்தேன். என் கையிலிருந்த நோட்டைப் பார்த்தார். "நோட்டெல்லாம் ரொம்ப சுத்தமா வெச்சிருக்கீங்க. நன்றிங்க."

கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடத்தில் முதல் பாராட்டு. அதுவும் யாரோ ஒரு மேடத்துக்கு. இந்த மனுஷன் நன்றி சொன்னால் உயிருக்கு ஆபத்து! உதடு நீலமாக இருந்தது. எண்ணினேன். வரவு 34, செலவு 34. கூட்டவில்லை. மாடி வீட்டுக்காரரின் காரில் ஏற்றினேன். அவர் இன்று சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரி, பிற்பகல். ஐசியூவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆக்ஸிஜன் 84. பிரஷர் இறங்கிக் கிடக்கிறது. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பாதி வெள்ளை வெளேரென்று இருக்கிறது. ரத்தமும் சளியும் சோதனைக்கு எடுத்தார்கள். முடிவுக்குக் காத்திருக்காமல் ஊசி மருந்தை ஏற்றிவிட்டார்கள். டாக்டரம்மா சின்னப் பெண்தான்.

"நிமோனியாம்மா. ரொம்பத் தீவிரம். வயசு, குழப்பம், மூச்சு, பிரஷர், நாலுமே நமக்கு எதிரா நிக்குது. ரெண்டு நாள் போனாத்தான் சொல்ல முடியும்."

மூன்று மாத்திரைக் கதையைச் சொன்னேன்.

"மூணே மூணா? கிருமிய கொல்லலம்மா, சீண்டி விட்டிருக்காரு."

மூச்சு எப்போதிலிருந்து வேகம் என்று கேட்டார். நோட்டை நீட்டினேன். இரண்டு பத்தியைப் பார்த்துச் சிரிக்கவில்லை. விரல் வைத்துப் படித்தார். "ஏழாம் தேதி இருபத்துநாலு. இன்னிக்கு முப்பத்துநாலு. நடுவுல ரெண்டு நாள் எங்கம்மா?"

கோபித்துக்கொண்டிருந்தேன் என்றா சொல்வது?

பிப்ரவரி 11, செவ்வாய்

34. கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தால், ஆக்ஸிஜன் முகமூடிக்குள் ஆவி படர்கிறது, மறைகிறது. படர்ந்தால் செலவு, மறைந்தால் வரவு.

பிப்ரவரி 12, புதன்

32. இரண்டு குறைந்ததை நம்பலாமா? டாக்டரம்மா, "இன்னும் பாக்கணும்" என்கிறார்.

கடவுளே, ஞாயிற்றுக்கிழமை சொன்ன நன்றியைத் திருப்பிக் கொடுத்துவிடு. அந்த அமைதி எனக்கு வேண்டாம். அவர் கத்தட்டும். அஞ்சாங்கிளாஸ் என்று ஊரைக் கூட்டிச் சொல்லட்டும். நான் கேட்டுக்கறேன். எத்தனை தடவை வேணாலும் கேட்டுக்கறேன்.

பிப்ரவரி 13, வியாழன்

26. காய்ச்சல் இறங்கிவிட்டது. பிரஷர் ஏறியிருக்கிறது. மதியம் என்னை உள்ளே விட்டார்கள். கண்ணைத் திறந்து பார்த்தார். முகமூடியைத் தானே விலக்கினார்.

"வெறுங்கையோட வந்து நிக்கறியே, ஒரு டீ கொண்டுவரத் தெரியாதா?"

நர்ஸ் பதறிப்போய், "அம்மா, சாருக்குக் கோபம் வருதும்மா!" என்றாள்.

"வரட்டும்மா. இப்பதான் ஆள் வந்திருக்காரு."

வெளியே வந்துதான் அழுதேன்.

பிப்ரவரி 19, புதன்

வீடு. மாத்திரை இன்னும் நான்கு நாள். டப்பா என் இடுப்புச் சாவியின் காவலில். மாத்திரைக்கு எல்லாம் தெரியும். எண்ணிக்கை எனக்குத் தெரியும்.

மாடி வீட்டுக்காரர் பார்க்க வந்தார். சார் தலையணையில் சாய்ந்துகொண்டு, "சரியான நேரத்துல ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு முடிவெடுத்தேன் பாருங்க" என்றார். மாடி வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் சாமி படத்தைப் பார்த்தேன். கத்தட்டும் என்று நான்தானே கேட்டேன்.

மார்ச் 2, ஞாயிறு

எனக்கு இரண்டு நாளாக இருமல். மதியம் கண் அசந்துவிட்டேன். எழுந்து பால் கணக்கு எழுத நோட்டைத் திறந்தால், போர்டில் எழுதுகிற அந்தப் பெரிய எழுத்து. இரண்டு பத்தி போட்டிருக்கிறார்.

2.15: வரவு 18, செலவு 18.
2.45: வரவு 17, செலவு 17.
3.15: வரவு 18, செலவு 18.
குறட்டை தனிக்கணக்கு.