வாப்பா அழுத்தாத பொத்தான்

இர்பித்
வியாழக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு

அன்பு மகள் லமீஸுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீ அங்கே சுகமாக இருக்க துஆ செய்கிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதப் பேனா வரவில்லை, ஏன் என்று கீழே சொல்கிறேன், பதறாமல் படி. அந்த மால்மோ குளிரில் ரொட்டியும் காபியுமாகக் காலத்தை ஓட்டாதே. உன் அண்ணி ஷுரூக்கின் தம்பி நாளைக்கு அங்கே வர விமானம் ஏறுகிறான், அவனிடம் எண்ணெயில் ஊறிய கத்தரிக்காய் மக்தூஸ் ஒரு போத்தலும் கொஞ்சம் ஸஅதர் பொடியும் இந்தக் கடிதமும் கொடுத்து விடுகிறேன். போனில் சொன்னால் என்ன என்பாய். நான் உன்னோடு பேச ஆரம்பித்தாலே உன் வாப்பா காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். "புள்ளைகிட்ட இதப் பத்தி வாயத் தொறந்தே, அப்புறம் ஒன்கிட்ட நான் பேசவே மாட்டேன்" என்று மிரட்டியும் வைத்திருக்கிறார். வாயைத்தானே திறக்கக் கூடாது என்றார், எழுதுகிறேன்.

வாப்பா போகும் டயாலிசிஸ் நிலையத்தில் முறை எடுப்பதெல்லாம் இப்போது செயலியில்தான். அதில் புதிதாக வருபவருக்கு இங்கே தொடு, அங்கே தொடு என்று காட்டித்தரும் குறிப்புகளை எழுதியவளே நீ. வாப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்து நாற்காலிக்காரர்களிடம், "பயப்படாதீங்க, எம்மக உள்ளேயே ஒக்காந்து சொல்லிக் குடுப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். போன மாதம் பழைய போன் செத்துப்போய்ப் புதுசு வாங்கினார். நம்மூர் வழக்கம் உனக்கு மறந்திருக்காது. யாரும் போனைப் பெட்டியோடு வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை, கடைக்காரரே கணக்குத் திறந்து, செயலிகளை ஏற்றி, எல்லாவற்றையும் ஒருமுறை திறந்து பார்த்து, கண்ணாடி ஒட்டிக் கொடுத்தால்தான் வாங்கியதாக அர்த்தம். போன் கடை அபூ கரமும் அப்படித்தான் செய்தார். உன் குறிப்புகள் ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்க, எல்லாவற்றையும் 'தவிர்' என்று தட்டித் தள்ளிவிட்டு, "எல்லாம் ரெடி ஹாஜி, இனி நீங்கதான் ராஜா" என்று கையில் கொடுத்தாராம். நல்ல மனுஷர், காபி வேறு கொடுத்திருக்கிறார். முதல் தடவை திறக்கிறவரிடம் மட்டும் பேசும்படி நீ வைத்திருக்கிறாய் அம்மா, நம்மூரில் அந்த முதல் தடவை கடைக்காரருடையது.

வீட்டுக்கு வந்து வாப்பா திறந்தார், நீ வரவில்லை. மூடித் திறந்தார், அப்போதும் வரவில்லை. "இன்னும் தூங்குறா போல" என்று என்னிடம் சிரித்தார். யாரிடமும் கேட்கவில்லை, கேட்டால் மகள் வேலை சரியில்லை என்று ஆகிவிடுமாம். தானே நாளையும் நேரத்தையும் தொட்டுவிட்டு முறை கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். திரையின் கீழே போய் 'உறுதி செய்' என்பதையும் அழுத்த வேண்டுமாமே, அது உன் குறிப்பில் இருந்திருக்கிறது, அவருக்கு எப்படித் தெரியும். நாற்காலி வேறொருவருக்குப் போய்விட்டது. நிலையத்தில் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள், அதையும் என்னிடம் மறைத்து நன்றாக முடிந்தது என்று சொல்லிப் படுத்துக்கொண்டார். மறுநாள் ஜும்ஆ, நிலையம் விடுமுறை. அன்று மூச்சு முட்டி, உதடெல்லாம் நீலமாகி, நுரையீரலில் தண்ணீர் என்று சொல்லி ஆஸ்பத்திரியில் உள்ளே கொண்டுபோனார்கள். அவ்வளவுதான், மனுஷர் போய்விட்டார் என்றே நினைத்தேன் லமீஸ். அந்த வாசலில் நின்றபோது உன் மேல் கோபம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். இப்போது இல்லை. அல்ஹம்துலில்லாஹ், வீட்டுக்கு வந்துவிட்டார், ஆனால் குரல் இறங்கிவிட்டது, மாடிப்படி ஏறுவதில்லை.

வந்த அன்று ஷுரூக் அந்தச் செயலியை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினாள். இந்த முறை அவர் கையால் திறந்தார். "அவசரமே இல்லை, நான் பக்கத்தில்தான் நிற்கிறேன்" என்று வந்தது. நீ சைக்கிள் பழகும்போது பின்னால் பிடித்துக்கொண்டு அவர் சொன்னது அல்லவா அது? அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார். கடைசியில் "இனி நீங்களே செய்யலாம்" என்று ஒரு கட்டம், அதன் கீழே 'புரிந்தது' என்று பொத்தான். அங்கே விரல் நின்றுவிட்டது. "இத அழுத்துனா போயிருவாளே" என்றார்.

இன்றுவரை அழுத்தவில்லை. ஷுரூக் நான் அழுத்துகிறேன் மாமா என்று போனதற்கு, போனைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டார். இந்த வார முறைகளை ஆஸ்பத்திரியே போட்டுக் கொடுத்துவிட்டது. அடுத்த வாரத்துக்கு ஞாயிற்றுக்கிழமைக்குள் அவர் எடுத்தாக வேண்டும், அந்தக் கட்டம் மேலே நிற்கும்வரை எடுக்க முடியாது. ஆகையால் கடிதம் கையில் கிடைத்ததும் அவருக்குப் போன் செய். அழுத்தினாலும் நீ போய்விட மாட்டாய், கூப்பிட்டால் திரும்ப வருவாய் என்று உன் வாயால் சொல், நான் சொன்னால் நம்ப மாட்டார். சொன்னபடி அதை மாற்றியும் கொடு. யார் தவிர்த்துவிட்டாலும், உரியவருடைய விரல் அந்த இடத்துக்கு வரும்போது பேசட்டும். உன் மேலாளர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும், வாப்பாவின் பக்கத்து நாற்காலிக்காரருக்கு மகள் கிடையாது.

அல்லாஹ் உன் கைக்கு பரக்கத்தையும் உன் மனசுக்கு நிம்மதியையும் தரட்டும். உன்னையே குற்றம் சொல்லிக்கொண்டு சாப்பிடாமல் கிடக்காதே. மக்தூஸ் போத்தலை நிமிர்த்தி வை, எண்ணெய் கசியும். ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடாதே. நான் எழுதியது தெரிந்து அவர் என்னோடு பேசாவிட்டால் போகட்டும், பக்கத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் எனக்குப் போதும்.

உன் உம்மா
இன்ஸாஃப்