உமி விட்டுப்போன ஓட்டைகள்

அன்புள்ள இராசம்மா,

எழுத்துகள் ஒன்று மேட்டிலும் ஒன்று பள்ளத்திலும் நிற்கின்றன, பொறுத்துக்கொள்ளும். நான் பேனையை மண்வெட்டிபோல் பிடிப்பதாக வாசிகசாலையில் எழுத்துப் பழக்கும் ரீச்சர் சிரிக்கிறா. நீர் இருந்தவரை எனக்குக் கடிதம் வாசிக்க நீர் இருந்தீர். நீர் கண்மூடிய பிறகுதான், எழுபது வயதில், எழுதப் பழகினேன்.

சண்டை ஓய்ந்து பாதை திறந்தபின் கடிதங்கள் ஒழுங்காக வருகின்றன. போன கிழமை கனடாவிலிருந்து நம்முடைய மகள் சுகந்தியின் கடிதம் வந்தது. ஒருவரிடமும் கொடுக்காமல் நானே எழுத்துக்கூட்டி வாசித்தேன். மூன்று வருட ஆராய்ச்சியில் செய்த மெல்லிய பூச்சைச் சூடாக்கிப் பார்த்தாளாம். "உள்ளே முழுக்க ஓட்டை, ஐயா" என்று எழுதியிருந்தாள். அதற்கு மேல் வாசிக்க மனம் வரவில்லை. மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டேன்.

உருத்திரபுரத்தில் வாய்க்கால் கட்டுக்குக் காவல் இருந்தவன் நான். நண்டு துளைத்த ஒரு பொந்து போதும், கட்டு உடைய. பிள்ளையின் படிப்பும் அப்படி உடைந்துவிட்டது என்றே நினைத்தேன். நாலு நாள் சோறு இறங்கவில்லை.

நேற்றுச் சைக்கிளில் கிளிநொச்சிக்குப் போய், தொலைபேசிக் கடையிலிருந்து அவளோடு பேசினேன்.

"பிள்ளை, கவலைப்படாதை. ஏலாட்டி வீட்டை வா."

"ஏன் ஐயா, என்ன நடந்தது?"

"எல்லாம் ஓட்டையாப் போச்செண்டு எழுதினனீ."

அவள் சிரித்த சிரிப்பு கடைக்காரருக்கும் கேட்டிருக்கும். "ஐயோ ஐயா, அந்த ஓட்டையளுக்காகத்தானே மூண்டு வருசம் கிடந்து முறிஞ்சனான்! கடிதத்தை முழுக்க வாசிச்சனீங்களோ?"

"பாதியிலை வைச்சிட்டன்."

"சரி, அம்மா அடுப்புப் போடேக்கை களிமண்ணுக்கை ஏன் உமி குழைச்சவா? சொல்லுங்கோ பாப்பம்."

பிறகு அவளே விளக்கினாள். கணினிக்குள் கம்பிகள் மிகக் கிட்டக் கிட்ட ஓடுமாம். ஒன்றின் மின்சாரம் மற்றதைக் குழப்பாமலிருக்க இடையில் ஒரு காப்புப் பூச்சு வேண்டும். அதற்குள், மரம்போலக் கிளைவிட்ட, கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் துணுக்குகளைக் கலந்து சூடாக்குகிறாள். அவை சிதைந்து ஆவியாகிவிடும். அந்த இடங்களில் காற்று நிற்கும். அந்தக் காற்றுத்தான் காவலாம். ஓட்டைகள் ஒன்றோடொன்று சேர்ந்து பூச்சு இடிந்துவிடுமோ என்பதே அவளுடைய பயம். இடியவில்லை, இராசம்மா!

வீட்டுக்கு வந்து, குசினிக்குப் பின்னால் கிடந்த உம்முடைய உடைந்த அடுப்பைப் புரட்டிப் பார்த்தேன். தீப்பட்ட பக்கத்தில் உமி இல்லை. உமியின் அளவில் சின்னச் சின்ன ஓட்டைகள். உள்ளே நெருப்பு எரிய, வெளிச்சுவர் கையைச் சுடாமல் இருந்தது இதனால்தானா? தெரிந்துதான் குழைத்தீரா? ஒரு நாளும் சொல்லவில்லையே.

இன்று மத்தியானம் இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டேன்.

அவளுடைய கடிதத்தில் இன்னும் இரண்டு பக்கம் மிச்சம் இருக்கிறது. ஒரு நாளைக்கு நாலு வரிதான் எனக்கு ஓடும். இரண்டு கிழமைக்குள் முடித்து, உள்ளதெல்லாம் உமக்கு எழுதுவேன். இந்த முறை கடைசி வரியையும் வாசித்த பிறகுதான் அழுவதா சிரிப்பதா என்று பார்ப்பேன்.

சுகந்தியின் தகப்பன்,
உம்முடைய கந்தையா