மீன் என்று எழுதிய தாள்

2005 ஆவணி, வியாழன் இரவு

ஆரையம்பதியில் உணவு ஆலோசனை அறையைத் திறந்து இன்று மூன்றாம் நாள். இரத்தச்சோகையோடு ஒரு தாய் வந்தா. வயது, நிறை, காலைச் சாப்பாடு எல்லாம் கேட்டு, அவவுக்கென்றே ஒரு பட்டியல் எழுதினேன். "கிழமைக்கு நாலு நாள் மீன் சாப்பிடுங்க அக்கா" என்றேன்.

அவ தாளையே பார்த்துக்கொண்டிருந்தா. "சுனாமியில போன என்ட மகள் இன்னும் கிடைக்கல்ல மிஸ். நான் எப்படி மீன் திங்கிற?"

மீன் என்ற சொல்லை வெட்டிவிட்டு முட்டை, கௌபிப் பயறு, முருங்கையிலை என்று எழுதினேன். "வாறன் மிஸ்" என்று எழும்பிப் போய்விட்டா. தாள் மேசையிலேயே கிடந்தது.

எத்தனையோ கேட்டேன், வீட்டில் யார் யார் என்று கேட்கவில்லை. நாளைக்கு அவவின் வீட்டுக்குப் போகவேணும். போனதும் சாப்பாட்டைப் பற்றிக் கதைக்கக்கூடாது. வேறு என்னத்தைக் கதைக்கிறதென்றுதான் தெரியவில்லை.