ஒரு சாண் தழும்பு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். உடனே கிளம்பி வா என்று மட்டும்தான் போனில் சொன்னேன். மீதியைச் சொன்னால் நீ அழுவாய், நான் கத்துவேன். அதனால் எழுதி, உன்னை அழைக்க வரும் நம் அச்சக மிஷின்காரரிடம் கொடுத்திருக்கிறேன். அவர் வாயைத் திறப்பதற்கு முன் படித்துவிடு.

குடலிறக்க ஆபரேஷன் முடிந்த மறுநாளே மாப்பிள்ளை நடந்து வீட்டுக்கு வந்தது உனக்குத் தெரியும். துளை போட்டுச் செய்ததில் வயிற்றில் மூன்று புள்ளி. கொசு கடித்தால்கூட அதைவிடப் பெரிதாகத் தடிக்கும். எனக்கு இதே ஆபரேஷனை ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்துச் செய்தார்கள்; மூன்று மாதம் படுத்தேன். அந்தக் கணக்கில் இவருக்கு மூன்று நாள் போதாதா? குடல் பிதுங்காமலிருக்க உள்ளே வலை வைத்திருக்கிறது, ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். எல்லோருக்கும் அப்படித்தான் எழுதுவார்கள் என்று நினைத்தேன்.

அச்சகத்தில் வேலை குவிந்து கிடந்தது. இவர் நாற்காலியில் உட்கார்ந்து பிழை திருத்திக்கொண்டிருந்தார். ஆட்கள் முன்னாலேயே, "மூணு புள்ளிக்கே இவ்வளவு சீராட்டா மாப்பிள்ளை?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே எழுந்துபோய்க் காகிதக் கட்டுகளை இறக்கினார். பன்னிரண்டாவது கட்டோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் வாந்தி. நடிக்கிறார் என்றுதான் நினைத்தேன். மறுநாள் வயிறு வீங்கிக் கிடந்தவரிடம் சோடா குடித்தால் சரியாகிவிடும் என்றேன். மூன்றாம் நாள் மிஷின்காரர்தான் என்னைக் கேட்காமல் தூக்கிக்கொண்டு போனார். வலை விலகி, அந்தச் சந்தில் குடல் மாட்டி அழுகியிருந்ததாம். வயிற்றையே திறந்து குடலில் ஒரு முழம் வெட்டி எடுத்தார்கள். கட்டு மாற்றும்போது தையலைப் பார்த்தேன். என் தழும்பைவிட இரண்டு விரற்கடை நீளம். அதைச் சொல்லிக் கிண்டல் செய்ய வாய் வரை வந்துவிட்டது. அவர் பார்த்தார், மூடிக்கொண்டேன்.

எப்படி ஆயிற்று என்று டாக்டர் கேட்டபோது நான் கட்டிலருகில்தான் நின்றேன். "நானாத்தான் தூக்கினேன், யாரும் சொல்லல" என்றார். என் பக்கம் திரும்பவேயில்லை. அதற்குப் பிறகு பேச்சு இல்லை, காய்ச்சலும் இறங்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

மிஷின்காரர் ஏதாவது சொன்னால் கேட்டுக்கொள், பதில் பேசாதே. ஊரில் யார் கேட்டாலும் மாப்பிள்ளை டாக்டரிடம் சொன்னதையே நீயும் சொல். அவர் பிழைத்து எழுந்தால் அதைத்தான் சொல்வார். எழாவிட்டால், அவர் கடைசியாகச் சொன்ன வார்த்தையை நீ பொய்யாக்கிவிடாதே அம்மா.

அவரோடு நூறு வருஷம் வாழ வேண்டும் என்று உன்னை வாழ்த்தும்,
அப்பா