அப்பாவுக்குப் போடக் கூடாத மருந்து

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகமாகத்தான் இருக்கிறோம், உன் சுகத்தையே நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்பாவுக்கு லேசான வாயுப் பிடிப்பு, ஆஸ்பத்திரியில் ஆறு நாள் இருந்துவிட்டு வந்தார், இப்போது பழையபடி சாப்பிடுகிறார். லீவு போட்டுக்கொண்டு ஓடி வராதே. வேளைக்குச் சாப்பிடு. நீ நன்றாக இருக்க வேண்டும். அம்மா.

அண்ணா, அம்மாவின் கண்ணாடி உடைந்துவிட்டது, அதனால் அவள் சொல்லச் சொல்ல நான் எழுதியது அது. இது நானே எழுதுவது. இருவரும் தூங்குகிறார்கள், சமையலறையில் உட்கார்ந்திருக்கிறேன், அப்பா இருமினால் கை நின்றுவிடுகிறது. போனில் சொல்லலாம் என்றால் அவர் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். வந்தது வாயு இல்லை அண்ணா, மாரடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள், ரத்தம் மறுபடி உறையாமலிருக்க ஒரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். விடிந்து பார்த்தால் ஈறில் ரத்தம், கையெல்லாம் நீலத் திட்டு. பரவுகிறதா என்று பார்க்க நர்ஸ் ஒவ்வொரு திட்டையும் சுற்றிப் பேனாவால் கோடு போட்டார். நர்ஸக்கா என் கையில மேப் போடறாங்க, வந்து படிச்சுக்கோடி என்று அப்பா சிரித்தார், பல்லெல்லாம் சிவப்பு. ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் இரண்டு லட்சம் இருந்தவை ஒரே ராத்திரியில் பதினோராயிரம் ஆகிவிட்டனவாம். அந்த மருந்துதான் காரணம் என்று டாக்டர் உடனே நிறுத்தினார், பிறகு எண்ணிக்கை மெல்ல ஏறியது. இனி ஆயுசுக்கும் இவருக்கு அதைப் போடக் கூடாது, எங்கே போனாலும் முதலில் இதைக் காட்டுங்கள் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா அதைக் கிழித்துவிட்டார். ரத்தம் நிக்காதவன்னு தெரிஞ்சா மேஸ்திரி என்னை ரம்பத்துக்கிட்ட விடுவானா, மரத்தூள் அள்ளத்தான் விடுவான் என்றார். மர மில்லில் மூலத்துக்கு ஆபரேஷன் என்று சொல்லியிருக்கிறார், அதை மட்டும் எவனும் காட்டச் சொல்ல மாட்டானாம். அம்மாவும் சிரித்துவிட்டு, என்னிடம் வெளியே மூச்சு விடாதே என்றாள். என்னால் சிரிக்க முடியவில்லை. எட்டு நாளாகத் தூக்கமில்லை, வகுப்பில் உட்கார்ந்தபடியே கண் சொருகுகிறது.

குப்பைக் கூடையிலிருந்து துண்டுகளைப் பொறுக்கி ஒட்டிப் பார்த்தேன். மருந்தின் பெயர் டைரோஃபிபான். ஜியாமெட்ரி பெட்டி மூடிக்குள் காம்பஸ் முனையால் கீறி வைத்திருக்கிறேன். ஆனால் மறுபடி வலி வந்தால் நான் பள்ளிக்கூடத்தில் இருப்பேன், அம்மா வாயு என்றுதான் சொல்வாள். அப்போது உனக்குத்தான் போன் வரும். என்ன ஆச்சு என்று கேட்பதற்கு முன்னால், அழுவதற்கு முன்னால், டாக்டரிடம் போனைக் கொடுக்கச் சொல்லி இந்தப் பெயரைச் சொல்லு அண்ணா. எழுதி பர்ஸில் வை.

அம்மா ஆசி சொல்லிவிட்டாள், நான் சின்னவள், கெஞ்சத்தான் முடியும். பதிலில் புத்தகம் கிடைத்தது என்று ஒரு வரி சேர்த்துவிடு, பெயரை எழுதிக்கொண்டாய் என்று எனக்கு மட்டும் புரியும். அப்பாவுக்கு நான்தான் உரக்கப் படித்துக் காட்டுவேன். அன்றைக்காவது தூங்குவேன்.

உன் வாலு